முகாம் அழைப்பு எங்கே போய் நின்றது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி விடுமுறையின்போது பிள்ளைகளுக்கு மூன்று நாள் முகாம் நடத்துகிறோம். சிலம்பம், அறிவியல் செய்முறை, ஓர் இரவு கூடாரத்தில் தூக்கம். முதல் முறை நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் போட்டவர்கள் இரண்டே பேர். கட்டணம் கூடிப்போனதோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அப்புறம் சந்தையில் பார்த்த ஓர் அக்காவிடம் கேட்டபோது, "எனக்கு ஒன்னும் வரலையே தம்பி" என்று கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டார். தேடிப் பார்த்தேன். ஸ்பேம் பெட்டியில், உடனடிக் கடன் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது எங்கள் அழைப்பு.

அதை அங்கே தள்ளியது யார்?

மின்னஞ்சல் போகும் வழியை வகுத்த எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் எழுதினார். ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டு, 'இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு' என்று சொல்லிக் கடிதத்தைக் கொடுத்துவிடும். 'இன்னாரிடமிருந்து' என்பது உண்மைதானா என்று அந்த விதிமுறை கேட்பதில்லை. கடித உறையின் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அப்படித்தான். இணையம் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் சின்ன வட்டமாக இருந்த காலத்து ஏற்பாடு அது.

பொய்ப் பெயரில் வரும் கடிதங்கள் பெருகியதும் மூன்று பூட்டுகளைப் பின்னால் மாட்டினார்கள். எஸ்.பி.எஃப். என்பது, 'எங்கள் முகவரியில் கடிதம் அனுப்ப இந்தக் கணினிகளுக்கு மட்டுமே அனுமதி' என்று முகவரிக்குச் சொந்தக்காரர் பொதுவில் வைக்கும் பட்டியல். டிகிம் என்பது, கடிதத்தோடு சேர்ந்து போகும் கணித முத்திரை. வழியில் முக்கியமான ஒரு பகுதியை யாராவது மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. டிமார்க் என்பது, கடிதத்தைத் திறப்பவர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரும் இந்தச் சோதனைகளில் தேறிய பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது.

நாங்கள் மாட்டிக்கொண்டது இந்த மூன்றாவது பூட்டில். அனுப்புநர் இடத்தில் எங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டோம். அனுப்பியதோ மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் ஒரு சேவையின் வழியாக. 'ஜிமெயில் என்கிறாய், ஆனால் கூகுளின் கணினியிலிருந்து வரவில்லையே' என்று வாசலிலேயே சந்தேகம் விழுந்துவிட்டது. ஜிமெயிலில் ஒரு கடிதத்தைத் திறந்து, அதன் மூல வடிவத்தைக் காட்டச் சொன்னால், மூன்று சோதனைகளிலும் அது தேறியதா இல்லையா என்று மேலேயே எழுதியிருக்கும். அந்த அக்காவின் கைப்பேசிக்கு வந்த கடிதத்தைக் கணினியில் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

முகவரியைச் சரிசெய்தால் போதுமா? போதாது. அடுத்த சல்லடை கடிதத்தின் உள்ளே பார்க்கிறது. அதன் அடிப்படை பேய்ஸ் தேற்றம் என்ற நிகழ்தகவு விதி. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: நூறு குப்பைக் கடிதங்களில் 40இல் 'இலவசம்' என்ற சொல் இருக்கிறது; நூறு நல்ல கடிதங்களில் 5இல்தான் இருக்கிறது. இரண்டு வகையும் சம அளவில் வருகிறது என்றால், அந்தச் சொல்லோடு வரும் ஒரு கடிதம் குப்பையாக இருக்க வாய்ப்பு 45க்கு 40, அதாவது ஏறக்குறைய 89 விழுக்காடு. இப்படியே ஒவ்வொரு சொல்லும் தன் எடையைத் தராசில் வைக்கும். இன்றைய வடிகட்டிகள் இதைவிட எவ்வளவோ நுட்பமானவை. ஆனால் எது குப்பை, எது நல்லது என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுப்பது இன்றும் ஸ்பேம் பொத்தானை அழுத்தும் மனிதர்களின் விரல்கள்தான். கூகுள் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளில் இதற்கு ஓர் எல்லையே உண்டு: குப்பை என்று புகார் செய்பவர்களின் அளவு 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர்!

இங்கேதான் எங்கள் பெரிய தவறு. அந்த நூற்றுச் சொச்சம் முகவரிகள் பெற்றோர் எங்களுக்குக் கொடுத்தவை அல்ல. வேறொரு டியூஷன் வகுப்பின் பட்டியலிலிருந்து நட்புக்காகக் கிடைத்தவை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் ஒப்புதல் எங்களிடம் இல்லை. சட்டத்தை விடுங்கள், கேட்காமல் வந்த கடிதத்தை ஓர் அம்மா குப்பை என்று அழுத்தினால் அதில் என்ன தப்பு? அப்படி அழுத்திய ஒவ்வொரு விரலும், எங்கள் கடிதத்துக்காகக் காத்திருந்த இன்னொரு வீட்டின் வழியையும் அடைத்தது.

முகநூலிலும் இதே கதைதான். நம் பக்கத்தைப் பின்தொடரும் எல்லாருக்கும் நம் பதிவு போவதில்லை. ஒருவர் முகநூலைத் திறந்ததும், காட்டக்கூடிய பதிவுகளையெல்லாம் அது எடுத்துக்கொண்டு, இவர் இதற்குக் கருத்து எழுதுவாரா, நின்று பார்ப்பாரா, மறைத்துவிடுவாரா என்று ஒவ்வொன்றுக்கும் கணித்து மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறது. 2018 ஜனவரியில் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இடையே நடக்கும் பேச்சுக்கு அந்த மதிப்பெண்ணில் கூடுதல் இடம் கொடுத்தார்கள். அதனால் 'இடங்கள் விரைவில் நிரம்பிவிடும்' என்ற வண்ணச் சுவரொட்டி கீழே போய்விடும். தண்ணீர் ராக்கெட் பறந்ததும் வாயைப் பிளந்து நிற்கும் பையனின் படத்தை, அவன் பெற்றோரின் சம்மதத்தோடு போட்டுப் பாருங்கள். பாட்டி, சித்தப்பா, ஈப்போவில் இருக்கும் அத்தை என்று கருத்துகள் விழும். அவர்களின் நண்பர்கள் கண்ணிலும் அது படத் தொடங்கும். 'லைக் போடுங்கள், ஷேர் செய்யுங்கள்' என்று கெஞ்சும் பதிவுகளை முகநூல் 2017 இறுதியிலிருந்தே கீழே இறக்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

புலனம் (வாட்ஸ்அப்) வேறு மாதிரி. அங்கே மதிப்பெண் போடும் இயந்திரம் இல்லை. ஆனால் ஒலிபரப்புப் பட்டியல் வழியாக ஒரே நேரத்தில் 256 பேர் வரை அனுப்பும்போது, நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இதைத் தெரியாமல் பட்டியல் போட்டுவிட்டு யாரும் பதில் சொல்லவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

இப்போது நாங்கள் கடிதத்தை மாதத்தின் இரண்டாவது வாரத்தில்தான் அனுப்புகிறோம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம் பிள்ளையின் முகாமுக்கு எடுத்துவைக்க அப்போதுதான் கையில் காசு இருக்கும். 'இனி வேண்டாம்' என்ற இணைப்பைக் கடிதத்தின் முதல் வரியிலேயே வைக்கிறோம். வேண்டாதவர் குப்பைப் பொத்தானைத் தேடாமல் அதை அழுத்தட்டும்.

போன முறை பதிவு மேசையில் ஒரு தாய் தன் மின்னஞ்சல் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தார். எங்கள் எண்ணையும் சேமித்துக்கொள்ளச் சொன்னேன்.

"என்ன பேரு போடறது தம்பி?"

"'சிலம்பம் கேம்ப்'னு போடுங்கக்கா."

மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, 'ராக்கெட் கேம்ப்'னு போடு" என்றாள். அப்படியே போட்டுக்கொண்டார்.