மழைக்காலத்தில் பூல் மேஜை ஏன் மந்தமாகிறது?

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் வீட்டில் பூல் (கோலால் பந்தை அடித்துக் குழியில் விழவைக்கும் ஆட்டம்) மேஜை வைத்திருப்பவர்களுக்கு ஜூன் பிறந்ததும் ஒரே குறைதான்: கோடையில் மறுமுனை வரை ஓடி, மேஜையின் ரப்பர் விளிம்பான குஷனில் மோதித் திரும்பிய பந்து, அதே வேகத்தில் அடித்தாலும் பாதி வழியிலேயே சோர்ந்துவிடுகிறது. பந்துகளைச் சந்தேகித்துப் பணம் செலவழிப்பதற்கு முன் அறைக் காற்றின் ஈரத்தைக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூலைப் போன்ற மேஜை ஆட்டமாக 1875இல் ஜபல்பூரில் தோன்றிய ஸ்னூக்கருக்கு 1882இல் விதிகள் வகுக்கப்பட்டது உதகை கிளப்பில்தான் என்றாலும், மூடுபனி புகுந்து நிற்கும் இந்த ஊர்க் காற்று மேஜைக்கு எளிதானதன்று.

மேஜைத் துணியில் பெரும்பங்கு கம்பளி. கம்பளி இழை, தொட்டால் ஈரமென்று தெரியாமலேயே, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை உள்வாங்கக்கூடியது. அப்போது இழைகள் பருத்து மிருதுவாகின்றன. துணியும் சற்று நீண்டு தொய்கிறது. உருளும் பந்து அந்த மிருதுவான பரப்பை அழுத்திக்கொண்டே நகர வேண்டியிருப்பதால் அதன் ஆற்றல் விரைவில் கரைந்துவிடுகிறது. பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் துணிக்குக் கீழுள்ள கற்பலகைக்கு அடியில் மின்சூடேற்றிகளைப் பொருத்துவதும் துணியை உலர்வாக வைத்திருக்கத்தான். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கும் ஈரநீக்கி ஒன்று போதும். பந்தை அடிக்கும் கோலான கியூவின் நுனியில் தேய்க்கும் சாக் கட்டியின் தூளில் உராயும் கனிமத் துகள்கள் உள்ளன. ஈரம் சேர்ந்தால் அவை இழைகளுக்கிடையே அப்பிக்கொண்டு துணியைத் தேய்க்கும். எனவே ஆட்டம் முடிந்ததும் மென்மையான உலர்ந்த பிரஷால் குஷன் ஓரங்களையும், பிறகு நடுப்பரப்பையும் ஒரே திசையில் துடைக்க வேண்டும். ஈரத் துணி கூடவே கூடாது.

கற்பலகை ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதில்லை. அதைத் தாங்கும் மரச்சட்டமோ உறிஞ்சும். மரம் நார் ஓடும் நீளவாக்கில் மிகச் சிறிதளவே மாறும், குறுக்குவாக்கில் வெளிப்படையாகவே உப்பிச் சுருங்கும். பழைய பங்களாக்களின் பலகைத் தரை, 300 கிலோவுக்கு மேற்பட்ட மேஜையின் எடையில் ஒரு கால் பக்கம் மட்டும் தாழ்ந்துவிடுவதும் உண்டு. ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சாய்வு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சாய்வுக்குக் குறுக்கே நான்கு விநாடி மெதுவாக உருளும் பந்து சுமார் 2.8 சென்டிமீட்டர், அதாவது தன் அகலத்தில் பாதி, விலகிப்போகும். குழியில் விழ வேண்டிய பந்து விளிம்பில் மோத அது போதும். இவ்வளவு சிறிய சாய்வைத் தச்சரின் சாதாரண ரசமட்டம் தெளிவாகக் காட்டாது, இயந்திரக் கூடங்களில் பயன்படும் நுண் ரசமட்டம் வேண்டும். அது இல்லாதவர்கள் ஒரே கோட்டில் பந்தை இரு திசையிலும் மெதுவாக உருட்டிப் பார்க்கலாம். இரு முறையும் அறையின் ஒரே சுவர்ப் பக்கமாக வளைந்தால் மேஜை அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. சட்டத்தின் கீழ் ஜாக்கி கொடுத்துச் சிறிது உயர்த்தி, காலடியில் மெல்லிய தகடுகளைச் செருகிச் சரிசெய்ய வேண்டும். அடைமழையில் இதைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மரம் காய்ந்ததும் மட்டம் மறுபடி மாறிவிடும். ஜனவரி, பிப்ரவரியே உகந்த காலம்.

பெரும்பாலும் மூன்று துண்டுகளாக வரும் கற்பலகையின் இணைப்பில் பந்து 'டக்' என்று ஒலித்துத் துள்ளினால், அங்கே நிரப்பியது உதிர்ந்துள்ளது என்று பொருள். துணியைக் கழற்றி, தேன்மெழுகை உருக்கி ஊற்றி, இறுகியதும் தட்டையான பிளேடால் வழித்துவிட வேண்டும். சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகும் அந்த மெழுகு கோத்தகிரியில் எளிதாகக் கிடைக்கிறது. காய்ந்து வெடிக்கும் பட்டி என்ற நிரப்பும் பசையைவிட அது மேலானது. பட்டியின் ஒரு துணுக்கு துணிக்கடியில் சிக்கினாலே பந்து தடம் மாறும்.

குஷனின் ரப்பர் குளிரில் மீள்திறன் குறைந்து நடந்துகொள்ளும். உறைபனி விழும் டிசம்பர் காலையில் பந்து சோம்பலாகத் திரும்பினால், அறை சூடேறும் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மந்தமான ஓசை கேட்டால் அடியிலுள்ள போல்ட் தளர்ந்திருக்கலாம், இறுக்கினால் சரியாகும். நகத்தால் அழுத்தும்போது கல்லாக இருக்கும் ரப்பரை மாற்றியே ஆக வேண்டும்.

மேஜையைப் பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தி உறையே நல்லது. கணப்படுப்புக்கு அருகிலும் வைக்கக்கூடாது, ஏனெனில் வெப்பம் படும் பக்கத்து மரம் மட்டும் சுருங்கி மட்டத்தைக் கெடுக்கும்.