தேர்தல் காலத்தில் வங்கிக் கடன்: ஒரு முன்னாள் கிளை மேலாளரின் குறிப்புகள்

கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு 2021 பிப்ரவரி 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தது. அப்போது நான் காவிரிப் படுகையில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையின் மேலாளராக இருந்தேன். அந்த அறிவிப்பு கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டுமானது. எங்கள் வங்கிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் அடுத்த திங்கட்கிழமை கிளையைத் திறப்பதற்கு முன்பே, விவசாய நகைக்கடன் ரசீதைக் கையில் பிடித்தபடி இருபது பேருக்கு மேல் வாசலில் நின்றார்கள். "சார், இங்கேயும் தள்ளுபடி வருமா? இப்பவே கட்டணுமா, எலெக்‌ஷன் முடியற வரைக்கும் பொறுக்கலாமா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

தேர்தல் ஒரு வங்கியை எப்படிப் பாதிக்கிறது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காலைப் பொழுதைத்தான். ஒரு ரூபாய்கூட எங்கள் வங்கியில் தள்ளுபடி ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மே மாதம் வரை எங்கள் கிளையில் கடன் வசூல் ஏறக்குறைய நின்றே போனது.

இதன் விளைவு கணக்கேட்டில் எப்படித் தெரியும் என்பதை விளக்க வேண்டும். சாதாரணக் கடனில் தவணை தவறி 90 நாட்களைத் தாண்டினால் அது வாராக்கடன். குறுகிய காலப் பயிர்களுக்கான கடனுக்கு மட்டும் இரண்டு சாகுபடிப் பருவங்கள் வரை அவகாசம் உண்டு. அதனால் பிப்ரவரியில் கட்டாமல் விட்ட கடனின் பாதிப்பு தேர்தல் நடந்த காலாண்டின் முடிவுகளில் தெரியாது. புதிய அரசு பொறுப்பேற்று, எல்லோரும் தேர்தலை மறந்த பிறகு, அடுத்த ஆண்டில் வாராக்கடனாக வந்து நிற்கும். அப்படி வகைப்படுத்தியதும், தொடக்க நிலையிலேயே நிலுவையில் 15 விழுக்காட்டை வங்கி தன் லாபத்திலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும். வாராக்கடன் கூடிய கிளைக்குக் கடன் வழங்கும் அதிகாரமும் குறைந்துபோகும். முன்பு மேலாளரே கையெழுத்திட்டுக் கொடுத்த கடன் மண்டல அலுவலகத்துக்குப் போய் வாரக்கணக்கில் காத்திருக்கும். இப்படி வசூல் நின்றதன் சுமையை அதே ஊரில் ஒழுங்காகக் கட்டியவரும் சேர்ந்தே சுமக்கிறார்.

என் அனுபவத்தில் இதன் வேர் 2008-இல் இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 29 அன்று, மக்களவைத் தேர்தலுக்கு ஓராண்டுக்குச் சற்று அதிகமாக இருந்த நிலையில், நிதியமைச்சர் ப. சிதம்பரம் வரவுசெலவுத் திட்டத்தில் 60,000 கோடி ரூபாய் மதிப்பிலான விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தார். இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களுக்கு முழுத் தள்ளுபடி. மற்றவர்களுக்கு 75 விழுக்காட்டைக் கட்டினால் மீதி 25 விழுக்காடு தள்ளுபடி. ஆனால் அது 2007 டிசம்பர் 31 அன்று தவணை தவறி நிலுவையில் நின்ற கடனுக்கு மட்டுமே. பட்டியல் தயாரிக்கும் பொறுப்பில் அப்போது இளம் அதிகாரியாக இருந்தேன். கரும்பு வெட்டிய பணத்தில் நவம்பரிலேயே கடனை முழுவதுமாக அடைத்திருந்த ஒரு பெரியவர், பாஸ்புக்கை என் மேசையில் விரித்து, அந்த வரவு வரியில் விரலை ஊன்றிக்கொண்டு, "ஒழுங்கா கட்டினது என் தப்பாப்பா?" என்று கேட்டார். விதியைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. அதே ஆண்டு அவர் புதிதாகக் கடன் வாங்கினார். 2009 மே மாதம் தேர்தல் முடிவு வெளிவரும்வரை அதில் ஒரு தவணையும் கட்டவில்லை.

அவர் ஒருவரின் கதை அல்ல இது. அந்தத் தள்ளுபடியைப் பற்றி ஜீனே, கான்ஸ் ஆகிய இரு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு, அதிக அளவில் தள்ளுபடி பெற்ற மாவட்டங்களில் அதன்பின் கடன் திரும்புவது குறைந்தது என்றும், தேர்தல் நெருங்கும் இடங்களில் அந்தச் சரிவு இன்னும் கூடுதல் என்றும், வங்கிகள் அத்தகைய மாவட்டங்களிலிருந்து புதிய கடனை வேறு பக்கம் திருப்பின என்றும் காட்டியது. 2017 மார்ச்சில் பாரத ஸ்டேட் வங்கியின் அப்போதைய தலைவர் அருந்ததி பட்டாச்சார்யா, இன்று அரசு பணம் கொடுத்துவிடும், ஆனால் நாளை கடன் வாங்குபவர் அடுத்த தேர்தலுக்காகக் காத்திருப்பார் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். பலர் அவரைக் கடிந்துகொண்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது அன்றாடம் கண்ணெதிரே நடப்பதாகவே இருந்தது.

வசூலைப் போலவே கடன் வழங்குவதிலும் தேர்தலின் கை உண்டு. வளரும் நாடுகள் பலவற்றின் வங்கிக் கணக்குகளை ஒப்பிட்டு செர்தார் டின்ச் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, தேர்தல் ஆண்டுகளில் அரசு வங்கிகள் தனியார் வங்கிகளைவிடக் கூடுதலாகக் கடன் கொடுப்பதைக் கண்டது. இந்தியாவின் 1990-களின் தரவுகளை மாவட்ட வாரியாக ஆராய்ந்த ஷான் கோல், தேர்தல் ஆண்டில் பொதுத்துறை வங்கிகளின் விவசாயக் கடன் வளர்ச்சி 5 முதல் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை கூடுவதாகவும், கடும் போட்டி நிலவிய மாவட்டங்களுக்கே அது அதிகம் போனதாகவும், அதனால் விளைச்சல் கூடியதற்கு அடையாளம் இல்லை என்றும் எழுதினார். கடன் மேளா நடத்தச் சொல்லி இலக்கு நிர்ணயித்து வரும் சுற்றறிக்கையில் தேர்தல் என்ற சொல்லே இருக்காது. ஆனால் பத்து நாளில் இத்தனை பேருக்குக் கடன் என்று எண்ணிக்கை வந்துவிட்டால், நிலத்தை நேரில் போய்ப் பார்க்கவும் பழைய கடனை விசாரிக்கவும் எந்த அதிகாரிக்கும் நேரம் இருக்காது. மோசமான கடன் பெரும்பாலும் பிறப்பது அந்த அவசரத்தில்தான்.

வேறு சில பாதைகளும் உண்டு. தேர்தல் நடத்தை விதிமுறை அமலுக்கு வந்ததும் புதிய டெண்டர் நின்றுவிடும். நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்கும் பில் மெதுவாகவே வரும். சாலைப் பணி எடுத்த ஒப்பந்தக்காரரின் ரொக்கக் கடன் கணக்கில் (தேவைக்கு எடுத்தும் திரும்பக் கட்டியும் வரும் தொழில் கடன்) 90 நாள் பணம் எதுவும் வரவாகவில்லையென்றால், அவர் நேர்மையானவராக இருந்தாலும் அந்தக் கணக்கு வாராக்கடன்தான். தேர்தல் நேரத்தில் பொதுமக்கள் கையில் ரொக்கம் வழக்கத்துக்கு மாறாகக் கூடுவதை 2016-இல் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜனே சுட்டிக்காட்டினார். அப்படி வெளியே போகும் பணம் வங்கியின் வைப்புத்தொகையிலிருந்துதான் போகிறது. பங்குச் சந்தையின் பதற்றத்துக்கு ஒரு நாளே போதும்: 2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாளில், பொதுத்துறை வங்கிப் பங்குகளின் குறியீடு ஏறக்குறைய 15 விழுக்காடு சரிந்தது. அது பெரும்பாலும் வந்த வேகத்தில் போய்விடும் காய்ச்சல். வசூல் பழக்கம் கெட்டால் அது அப்படிப் போவதில்லை.

வறட்சியிலும் வெள்ளத்திலும் பயிரை இழந்தவருக்கு அரசு கை கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த உதவி பயிர் அழிந்த ஆண்டில், அழிந்த வயலுக்கு வர வேண்டும். வாக்குப்பதிவு ஆண்டில் கடன் கணக்கைப் பார்த்து வரக்கூடாது. கந்துவட்டிக்கு வாங்கிய குத்தகைதாரருக்கு எந்த வங்கித் தள்ளுபடியும் போய்ச் சேர்வதில்லை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

கடன் வாங்கியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தள்ளுபடிக்கான கணக்கு நாள், அதாவது எந்த நாளில் நிலுவையில் இருந்த கடனுக்குத் தள்ளுபடி என்று தீர்மானிக்கும் நாள், அறிவிப்பு நாளுக்கு முந்தையதாகவே இருப்பது வழக்கம். 2008-இல் பிப்ரவரி 29-இல் அறிவித்தார்கள். கணக்கு நாள் முந்தைய டிசம்பர் 31. 2021-இல் பிப்ரவரி 5-இல் அறிவித்தார்கள். கணக்கு நாள் ஜனவரி 31. செய்தியைக் கேட்டபின் கட்டாமல் நிறுத்துவதால் எவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. மாறாக இழப்பு உறுதி. 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. உரிய தேதிக்குள் கட்டினால் 3 விழுக்காடு ஊக்கத்தொகை கழிந்து 4 விழுக்காடுதான். 2 லட்சம் வாங்கியவருக்கு ஓராண்டு வட்டி 8,000 ரூபாயில் முடியும். தேதி தவறினால் 14,000, அதற்கு மேல் வங்கியின் வழக்கமான வட்டி. கடன் மதிப்பெண் குறைவது தனி.

அன்று வாசலில் நின்றவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பாதிப்பேர் வட்டியைக் கட்டி நகையை மாற்றி வைத்தார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மா, மகளுக்காகச் சேர்த்த நான்கு பவுன் சங்கிலியை ஏல அறிவிப்புக் கடிதம் போன பிறகுதான், வெளியே அதிக வட்டிக்குப் பணம் புரட்டி வந்து மீட்டார். கவுண்டரில் சங்கிலியை வாங்கிக்கொண்டவர், "டிவியில சொன்னாங்களே சார்" என்று மட்டும் சொன்னார்.