ஃப்ரீஹோல்டர் – காணியாளர்

ஃப்ரீஹோல்டர் (freeholder) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது ‘நிலப்பிரபு’ என்று எழுதக் கை போகும். அப்படி எழுதினால் அமெரிக்க வாக்குரிமைப் போராட்டமே தலைகீழாகிவிடும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1736ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டப்படி, 25 ஏக்கரும் அதில் ஒரு வீடும் இருந்தாலே ஒருவர் ஃப்ரீஹோல்டர். தரிசு என்றால் 100 ஏக்கர் வேண்டும். அந்த 25 ஏக்கர்காரர் தானே ஏர் பிடித்த சிறு விவசாயியாகவும் இருக்கலாம்.

சொல்லில் உள்ள ‘ஃப்ரீ’ மனிதரின் விடுதலையைக் குறிப்பதில்லை, நிலத்தைக் குறிக்கிறது. பண்ணையாருக்கு அடிமை ஊழியம் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாமல், பரம்பரையாகவோ ஆயுள் முழுக்கவோ அனுபவிக்கும் நிலம் ஃப்ரீஹோல்ட். 99 ஆண்டுக் குத்தகை ஆனாலும் அது ஃப்ரீஹோல்ட் ஆகாது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் இப்படிப்பட்ட நிலம் இருப்பவருக்கே மாவட்டப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று 1430இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. அமெரிக்காவில் குடியேறியவர்கள் அந்த ஏற்பாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள்.

அது கடைசிவரை முரண்டு பிடித்த இடங்களில் ஒன்று ரோட் ஐலண்ட் மாநிலம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1663இல் தந்த சாசனமே 1840களிலும் அங்கே அரசமைப்பு. 134 டாலர் பெறுமான நிலம் உள்ளவருக்கு ஓட்டு உண்டு. அவருடைய மூத்த மகனுக்கும் உண்டு. இளைய மகனுக்கும் பிராவிடன்ஸ் நகர ஆலைத் தொழிலாளிக்கும் கிடையாது. ஓட்டோடும் போகவில்லை: நிலமில்லாதவர் தமக்கு வரவேண்டிய கடனுக்கு வழக்குப் போடுவதற்குக்கூட ஒரு ஃப்ரீஹோல்டர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்!

வழக்கறிஞர் தாமஸ் வில்சன் டார் தலைமையில் 1841இல் மக்களே மாநாடு கூட்டி, தனி அரசமைப்பு எழுதி, ஏறத்தாழ 14,000 வாக்குகளால் நிறைவேற்றினார்கள். 1842 ஏப்ரலில் டார் ஆளுநராகத் தேர்வானார். பழைய சாசன அரசு அசையவில்லை. ஒரே மாநிலத்தில் இரண்டு ஆளுநர்கள். மே மாதம் ஓர் இரவில் டாரின் ஆட்கள் பிராவிடன்ஸ் ஆயுதக்கிடங்கை நோக்கி நிறுத்திய பழைய பீரங்கிகள் வெடிக்கவே இல்லை. தேசத்துரோகக் குற்றம் சாட்டி 1844இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். மறு ஆண்டே விடுவித்தார்கள்.

இந்த இயக்கத்தின் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் மக்கள் அரசமைப்பு வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டுமே என்று வரையறுத்ததை மன்னிக்க முடியவில்லை. அதை டாரே ஏற்கவில்லை; மாநாடு அவர் பேச்சைக் கேட்கவில்லை. கருப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது, எதிரணியான பழைய சாசன அரசின் தரப்பு எழுதி 1843இல் நடப்புக்கு வந்த அரசமைப்புதான்.

தமிழில் இதற்குக் ‘காணியாளர்’ என்பதே பொருந்தும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘காணி’ என்பது வெறும் நிலமன்று. வழிவழியாக வரும், விற்கவும் கூடிய உரிமை. ஆயுள் அனுபவம் மட்டும் உள்ளவரைக் காணியாளர் எனல் சற்றே இடிக்கும். அவ்விடத்தில் ‘ஆயுள் காணி’ எனலாம். ‘நிலவுடைமையாளர்’ தவறில்லை, ஆனால் உரிமையின் வகையைச் சொல்லாது. வாக்குச் சட்டத்தைக் குறிக்கும்போது ‘காணிவழி வாக்குரிமை’ என்று எழுதலாம். ரோட் ஐலண்டில், வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களுக்கு அந்த 134 டாலர் நிபந்தனை 1888 வரை நீடித்தது. அதுவரை அவர்களைப் பற்றி எழுதவும் இச்சொல் தேவைப்படும்.