ஹைட்ரஜனை எரித்து ஓட்டும் பஸ்ஸுக்கு அரசு பணம் தருமா?

தரும், தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் என்ற திட்டத்தின் வழியாக. ஆனால் வண்டி வாங்கும் தனிநபருக்கு இதில் மானியம் கிடையாது, சோதனை ஓட்டம் நடத்தும் நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சிக்கூடங்களுக்கும்தான்.

2023 ஜனவரி 4 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த இந்த இயக்கத்துக்கு மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். இதில் 17,490 கோடி, ஹைட்ரஜன் உற்பத்திக்கும் தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்புக் கருவிகளைத் தயாரிப்பதற்குமான ஊக்கத்தொகை. மாதிரித் திட்டங்களுக்கு 1,466 கோடி. ஆராய்ச்சிக்கு 400 கோடிதான், அதாவது நூற்றுக்கு இரண்டு ரூபாய். இது போதவே போதாது, ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஹைட்ரஜனில் வண்டி ஓட இரண்டு வழி இருக்கிறது. எரிகலம் (fuel cell) என்ற கருவியில் அதை மின்சாரமாக்கி மோட்டாரைச் சுழற்றலாம், இல்லையென்றால் பெட்ரோல், டீசல் மாதிரி எஞ்சின் சிலிண்டருக்குள்ளேயே எரிக்கலாம். இந்த இரண்டாவது வழிக்கும் திட்டத்தில் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2025 மார்ச்சில் அறிவித்த 5 சோதனைத் திட்டங்களில் 37 பஸ், லாரிகள். அவற்றில் 22 எரிப்பு எஞ்சினில் ஓடுபவை. இந்த 5 திட்டங்களுக்கும் சேர்த்து அரசு தரும் உதவி சுமார் 208 கோடி. திருவனந்தபுரம்–கொச்சியும் அந்தப் பாதைகளில் ஒன்று.

சரி, எரித்தால் நீராவி மட்டும்தானே வரும் என்பார்கள். பாதிதான் உண்மை. சிலிண்டருக்குள் போகும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், சுடரின் சூடு ஏற ஏற அது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிவிடும், நுரையீரலுக்கு ஆகாத வாயு அது. காற்றைக் கூட்டி எரிபொருளைக் குறைத்தால் சூடு தணியும், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும் என்பதால் அதற்கு வழியும் இருக்கிறது, ஆனால் எஞ்சினின் இழுவை குறைந்துவிடும். போதாததற்கு, இது பற்றிக்கொள்ள வெறும் 0.02 மில்லிஜூல் ஆற்றல் போதும். வால்வு ஓரத்தில் ஓர் இடம் சூடாக இருந்தாலே, ஸ்பார்க் வருவதற்கு முன்பே வெடித்து, சுடர் காற்று வரும் குழாய்க்குள் திரும்பிப் பாயும். இதையெல்லாம் எஞ்சினை ஓட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும், அதற்குக் காலமும் பணமும் வேண்டும். ஆராய்ச்சிக்கு 400 கோடி போதாது என்றது இதனால்தான்.

'பசுமை' என்ற பெயருக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க, 12 மாத சராசரியில், 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான அளவுக்கு மேல் பசுமைக்குடில் வாயுக்கள் வெளியேறக் கூடாது. இந்தக் கணக்கு ஆலை வாசலோடு முடிந்துவிடுகிறது. பசுமை ஹைட்ரஜன் பஸ் என்று எழுதியிருந்தால், புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.