சாவி யார்கிட்ட இருக்கு?

டெல்டா கடற்கரையில் இருக்கும் புயல் பாதுகாப்பு மையங்களை ஆய்வு செய்வது என் வேலை. நான் கட்டடப் பொறியாளர். ஊருக்குள் போய் இறங்கியதும் முதலில் சாவியைத் தேட வேண்டும். ஒரு ஊரில் அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. சாவி வைத்திருந்தவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வெயில் நாள், வேப்பமரத்தடியில் டீ குடித்தபடி காத்திருந்தோம். புயல் நாளில்?

திறந்து பார்த்தால் கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. கடல் ஏறினாலும் தண்ணீர் அடியில் ஓடிவிடும்படி தூண்கள்மேல் தூக்கிக் கட்டியது. ஆனால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடவில்லை. பெண்கள் கழிப்பறைக்குள் உடைந்த நாற்காலிகள். "போன தடவை ராத்திரி முழுக்கத் தண்ணியே குடிக்கல சார், குடிச்சா எங்க போறது?" என்றார் ஒரு அக்கா. அடுத்த புயலுக்கு அவர் வரமாட்டார். 'எச்சரித்தும் வெளியேற மறுத்தவர்' என்று நாங்களும் எழுதிக்கொள்வோம்.

உப்புக்காற்று வேறு. அது கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து வீங்கும், மேலே விரிசல் விடும். அந்த வருடமே சரிசெய்தால் சின்னச் செலவு. ஆனால் கட்டடம் திறந்தால் கல்வெட்டு வைக்கலாம், விரிசல் அடைத்ததற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? அதனால்தானோ என்னவோ, கட்டக் கிடைக்கும் பணம் பராமரிக்கக் கிடைப்பதில்லை.

ஒடிசாவில் 1999 அக்டோபர் சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது 50க்கும் குறைவு. முன்னறிவிப்பும் முன்கூட்டியே மக்களை வெளியேற்றியதும் பெரிய காரணங்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று: அங்கே பல மையங்கள் மற்ற நாளில் பள்ளிக்கூடமாக நடக்கின்றன. தினமும் பிள்ளைகள் வந்துபோகிற இடத்தில் சாவி தொலையாது, குழாய் உடைந்தால் மறுநாளே சத்தம் வரும்.

2018 நவம்பர் 16 கஜா புயலில் நம் பக்கம் சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். ஜெனரேட்டர் இருந்தால் போதாது, டீசலுக்கும் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இரண்டு கிராம சபைகள் வருகின்றன. உங்கள் ஊர் மையத்தின் மோட்டார், கழிப்பறை, டீசல் செலவைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அப்படியே ஆடு மாட்டை எங்கே கட்டுவது என்றும் கேட்டுவிடுங்கள். அதை விட்டுவிட்டு வர யாருக்கும் மனசு வராது.