பிளாக்: சுவரில் பதித்த வரலாற்றுப் பலகை

பழைய வணிகக் கட்டடங்களின் வாயிலருகே சில வரிகள் பொறித்த ஓர் உலோகத் தகடோ பீங்கான் வட்டமோ பதித்திருப்பார்கள். கட்டியவர் யார், எந்த ஆண்டு, அங்கே என்ன நடந்தது என்பதை அது சொல்லும். ஆங்கிலத்தில் அதற்குப் பிளாக் என்று பெயர்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் மூலம், ஒட்டுதல், பூசுதல் என்று பொருள்படும் பழைய டச்சு வினை. பல்லில் படியும் படலத்தையும் இரத்தக் குழாயில் படியும் கொழுப்பையும் ஆங்கிலம் இதே சொல்லால் குறிக்கிறது.

தமிழில் இதை அப்படியே வைத்துக்கொள்வது சரிப்படாது. ‘பிளாக்’ என்றால் குடியிருப்புத் தொகுதி நினைவுக்கு வரும். ‘பிளேக்’ என்று எழுதினால் கொள்ளைநோயாகிவிடும். நமக்கு இந்த வழக்கம் புதிதும் அல்ல. மறவரின் ‘பெயரும் பீடும் எழுதி’ நடுகல் நாட்டியதை அகநானூறு சொல்கிறது. ஆனால் நடுகல் வீழ்ந்த வீரனுக்கு உரியது. கட்டடத்துக்கு அதை இழுத்துவருவது முறையல்ல. கல்வெட்டு என்ற சொல்லோ திறப்புவிழாக் கல்லையும் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கல் கட்டடம் பிறந்த அன்றே வைக்கப்படுவது. பிளாக், பல பத்தாண்டுகள் கழித்துக் கட்டடத்தின் அருமை தெரிந்த பிறகு வைக்கப்படுவது. இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

‘நினைவுப் பலகை’ என்பதே இன்று பரவலான வழக்கு. மறைந்துபோனதற்கு அது மிகவும் பொருந்தும். சிகாகோவில் வில்லியம் லெ பேரன் ஜென்னி வடிவமைத்து 1885-இல் முடிந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம், சுவர்களுக்குப் பதிலாக எடையைத் தாங்கும் உலோகச் சட்டகத்தைக் கொண்டு உயர்ந்த 10 மாடி அலுவலகம் என்று பெயர்பெற்றது. 1931-இல் அதை இடித்தார்கள். அந்த இடத்தில் எழுந்த ஃபீல்ட் கட்டடத்தில், சட்டகக் கட்டுமானத்தை அடிப்படையாகக் கொண்ட முதல் உயர்கட்டடம் இடிக்கப்பட்ட அந்தக் கட்டடமே என்று ஒரு பலகை வைத்தார்கள். அந்த ‘முதல்’ என்ற பட்டத்தைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் பிற்பாடு கேள்விக்கு உட்படுத்தினார்கள். எடையில் ஒரு பகுதியைச் சுவர்களும் தாங்கின என்பது அவர்கள் எடுத்துக்காட்டும் காரணம். ஆகவே பலகையின் வாசகத்தைத் தீர்ப்பாக அல்ல, அதை எழுதிய காலத்தின் நம்பிக்கையாகப் படிக்க வேண்டும்.

இன்னும் நின்றுகொண்டு வணிகமும் நடக்கும் கட்டடத்தின் சுவரில் ‘நினைவு’ என்று எழுதினால், உயிரோடிருப்பவருக்கு அஞ்சலி செலுத்தியதுபோல் ஆகிவிடுகிறது. அங்கே ‘வரலாற்றுப் பலகை’ என்பதே தகும். அமெரிக்காவில் வழங்கும் ‘மார்க்கர்’ என்ற பெயருக்கும் இதுவே போதும்.

செய்திகளில் அடிக்கடி நேரும் குழப்பம் வேறொன்று உண்டு. பலகை பதித்தாலே கட்டடம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டுவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். டெக்சஸ் மாநிலத்தில் வரலாற்றைச் சொல்ல மட்டும் நாட்டப்படும் பலகைக்குச் சட்டக் காப்பு கிடையாது. மாநிலம் பதிவுசெய்த வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி பெற்ற கட்டடத்துக்கோ, வெளிப்புறத்தை மாற்ற 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். முன்னதை ‘வரலாற்றுப் பலகை பெற்ற கட்டடம்’ என்றும், பின்னதைப் ‘பதிவுபெற்ற வரலாற்றுச் சின்னம்’ என்றும் பிரித்து எழுதுவதே சரி. லண்டனின் நீல வட்டப் பலகைகளும் முதல் வகைதான். கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் 1867-இல் அப்படியொரு பலகை பதித்தார்கள். 1889-இல் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள்.