ஃபால்ட்: பிளவா, பெயர்ச்சியா?

ஆங்கிலத்தில் ஃபால்ட் என்றால் தவறு, குறை. நிலவியலில், பாறை உடைந்து நகர்ந்த இடத்துக்கும் இதே பெயர். பாறையில் என்ன தவறு இருக்க முடியும்? இந்தச் சொல்லை நிலவியலுக்குத் தந்தவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். கரிப்படுகையைப் பிடித்தபடியே வெட்டிக்கொண்டு போவார்கள். திடீரென்று படுகை காணாமல் போய், எதிரே வெறும் பாறை நிற்கும். அந்த ஏமாற்றத்துக்கு வைத்த பெயர்தான் ஃபால்ட். லத்தீன் வேரான ஃபல்லெரே என்பதற்கும் 'ஏமாற்றுதல்' என்றே பொருள்; பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. உண்மையில் படுகை எங்கும் போய்விடவில்லை. பாறை உடைந்து ஒரு பக்கம் நகர்ந்ததில், மேலேயோ கீழேயோ தொடர்கிறது.

தமிழில் இதைப் பெரும்பாலும் 'பிளவு' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிளவு என்றதும் வாய் திறந்த விரிசல்தான் மனதில் வருகிறது. பானை பிளந்தால் தண்ணீர் ஒழுகும். அப்படியானால் பாறை பிளந்தால் எண்ணெயும் ஒழுகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு.

மணற்பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாறை நகர்ந்து, மணற்பாறைக்கு எதிரே, எண்ணெய் எளிதில் புகாத களிப்பாறை வந்து நின்றால் எண்ணெய்க்கு வழி அடைபடும். மணற்பாறைக்கு எதிரே மணற்பாறையே வந்தாலும் அடைபடலாம். நகரும்போது இடையிலுள்ள களிமண் இழுபட்டு, சாணம் மெழுகிய தரைபோல உடைந்த முகம் முழுக்கப் பூசிக்கொள்ளும். களிமண் இல்லாத இடத்திலோ மணல்மணிகள் நொறுங்கி மாவாகிவிடும். துளைத்தெடுத்த பாறைத் துண்டில் அது ஒரு மில்லிமீட்டர் அகல வெளிர்கோடாகத் தெரியலாம். அந்தச் சின்னக் கோட்டுக்குள் பாய்மம் (எண்ணெய், நீர், வாயு போன்றவை) ஊடுருவும் திறன் நூறு மடங்கு, ஏன், ஆயிரம் மடங்குகூடக் குறைந்திருக்கும்.

நார்வேக்கு மேற்கே வடகடலில் உள்ள குல்ஃபாக்ஸ் எண்ணெய் வயல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1978இல் கண்டுபிடித்தார்கள், 1986இல் உற்பத்தி தொடங்கியது. அடுக்கிவைத்த சீட்டுகள் சாய்ந்ததுபோல அங்கே பாறைக்கட்டிகள் உடைந்து திரும்பிக் கிடக்கின்றன. இப்படித் துண்டுபட்ட வயலில் ஒரு கிணற்றில் எண்ணெய் எடுத்தால் பக்கத்துக் கட்டியில் அழுத்தம் குறையும் என்று நம்ப முடியாது. சில கட்டிகளுக்குத் தனிக் கிணறே தேவைப்படும்.

அதற்காக ஃபால்ட் என்றாலே சுவர் என்றும் சொல்லிவிடக் கூடாது. நகரும் சமயத்தில் அதுவே பாய்மம் மேலேறும் பாதையாகலாம். பல லட்சம் ஆண்டுகள் எண்ணெயைத் தடுத்து நின்ற ஒன்று, உற்பத்தியால் ஒரு பக்கம் அழுத்தம் விழுந்ததும் வழிவிடவும் கூடும். ஆக, திறப்பும் அடைப்பும் மாறக்கூடியவை. நகர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் மாறாத அடையாளம்.

அதனால்தான் 'பெயர்ச்சி' பொருத்தமான சொல் என்கிறேன். சுவரில் காரை பெயர்கிறது, குரு ராசி விட்டு ராசி பெயர்கிறது. இடம் மாறுவதைச் சொல்லும் இந்தச் சொல் நமக்குப் பழக்கமானதுதான். வழக்கிலுள்ள 'பிளவுப்பெயர்ச்சி'யும் சரியே, முதல்முறை சொல்லும்போது அதையே எழுதலாம். வெறுமனே விரிந்து, நகராமல் இருப்பதற்கு 'வெடிப்பு' போதும். அப்புறம், எண்ணெயைத் தடுப்பதை அடைப்புப்பெயர்ச்சி என்றும் விடுவதைக் கசிவுப்பெயர்ச்சி என்றும் பிரித்துச் சொல்வது எளிது.